கை நனைக்காத விருந்து

எங்கள் வீதியின் மத நல்லிணக்கக் குழுவுக்கு நான் அமைப்பாளர் ஆனது ஒரு கொட்டாவியால். "யாருங்க பொறுப்பெடுத்துக்கறீங்க?" என்று கூட்டத்தில் கேட்டபோது, விவரமானவர்கள் எல்லோரும் கையைத் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் கொட்டாவி விட்டுச் சோம்பல் முறித்தேன். இரண்டு கையும் மேலே போயிருந்ததால் இரட்டிப்பு ஆர்வம் என்று எடுத்துக்கொண்டு கைதட்டிவிட்டார்கள்.

"ஏமண்டி, கொட்டாவிக்கெல்லாமா பதவி குடுக்கறாங்க?" என்றாள் என் மனைவி அம்புஜம். "அப்படீன்னா நீங்க எப்பவோ மந்திரி ஆயிருக்கோணுமே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவாரம்பாளையத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை வைத்துப் பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுக்கிறவன் நான். பட்டறையில் இரும்புத் தகடு கீழே விழுந்தால்கூட முதலில் நான்தான் வெளியே ஓடுவேன். தொண்ணூற்றேழு நவம்பரில் கலவரம், மூன்று மாதத்தில் குண்டுகள் என்று கோயமுத்தூர் கண்டதற்குப் பிறகு ஊரில் எல்லோருமே என் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்பதுதான் எனக்கிருந்த ஒரே ஆறுதல். பஸ்ஸில் சீட்டுக்கடியில் யாராவது பையை வைத்தால் பஸ்ஸே காலியாகும். உட்கார இடம் கிடைக்கும் என்று நான் ஏறமாட்டேன், நடந்தே வருவேன்.

பயந்தவன் பயந்தபடியே இருந்திருக்கலாம். ஆனால் இதில் உமர் பாரூக்கின் பிழைப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

பாரூக் எங்கள் வீதியில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தவன். நான் மோட்டாரின் இரும்பு, அவன் அதன் செம்புக் கம்பி என்று எங்களுக்குள் நெடுநாள் பழக்கம். கலவரத்தன்று கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனவன்தான், அப்புறம் திறக்கவே இல்லை. திறக்கவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. திற என்றும் யாரும் சொல்லவில்லை. போத்தனூரில் யாரோ ஒருவர் கடையில் கூலிக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்தான்.

கடைக்குச் சொந்தக்காரர் திருமூர்த்தி கவுண்டர். கோபிசெட்டிபாளையம் பக்கம் வயலும் வாழையும், இங்கே எங்கள் வீதியில் ஒரு வரிசைக் கடையும் ஒரு சின்ன மண்டபமும். கெட்டவர் இல்லை. ஆனால் வீதி முகம் சுளித்தால் தூக்கம் போய்விடுகிற மனுசன். அவர் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"ஏனுங்க வெங்கடபதி, உங்க கூட்டத்த நம்ம மண்டபத்துலயே வெச்சுக்கலாமுங்க. அவிங்க சனம் குடும்பத்தோட வரட்டும், நம்ம வீதிச் சனத்தோட ஒண்ணா உக்காந்து கை நனைச்சுட்டுப் போகட்டும். வீதி ஒத்துக்கிச்சுன்னா பாரூக்கு கடையத் தொறந்துக்கட்டும். இல்லீன்னா, தை பொறந்ததும் வேற ஆளுக்கு உட்டுப்போடறேன். எத்தன நாளைக்குங்க பூட்டியே வெக்கறது?"

கை நனைப்பதென்றால் எங்கள் பக்கம் சாதாரணக் காரியமில்லை. ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் உறவு. தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்து போனால் பகை. அண்ணன் தம்பி பாகப் பிரிவினையில்கூட, கோர்ட்டுப் படி ஏறுவதற்கு முன்னால் நின்றுபோவது கை நனைப்பதுதான்.

நாள் குறிக்க வேண்டியிருந்தது. பாரூக் ஏதோ ஒரு பூத்திலிருந்து கவுண்டர் வீட்டுக்குப் போன் பண்ணினான். எடுத்தது கவுண்டரின் மனைவி சென்னியம்மாள். லைன் கொரகொரத்ததாம். அவர் எங்களிடம் வந்து சொன்னது இது:

"பொங்கலுக்கு முந்துன ஞாயித்துக்கெழமை வாராங்களாமா. அன்னைக்கு அவிங்களுக்கு நோம்பியாமா!"

எங்கள் பக்கத்தில் பண்டிகை எதுவானாலும் நோம்பிதான். தீபாவளி நோம்பி, பொங்கல் நோம்பி, காணும் பொங்கலன்று பூப்பறிக்கிற நோம்பி. நோம்பி என்றால் அடுப்பு அணையக்கூடாது, வயிறு காயக்கூடாது. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பாரூக் வீட்டில் ஒருமுறை பிரியாணி சாப்பிட்டிருப்பதால், இஸ்லாம் சம்பந்தப்பட்ட சகலத்துக்கும் எங்கள் வீதியில் நானே அத்தாரிட்டி.

"ஆமாங்க, அவிங்களுக்கு இந்தச் சமயத்துல ஒரு நோம்பி வருமுங்க" என்றேன், தாடையைத் தடவிக்கொண்டு.

"அப்ப மத்தியானத்துக்கே இலை போட்டறலாம். நோம்பியும் அதுவுமா நம்மகிட்ட வாராங்க, கொறை வெக்கக்கூடாது" என்றார் சென்னியம்மாள்.

அந்த ஞாயிறு வந்தது. கோபியிலிருந்து நுனி இலைக்கட்டு வந்து இறங்கியது. அரிசிம்பருப்புச் சோறு, வடை, பாயசம், பொரியல் என்று மண்டபமே மணத்தது. வீதியிலிருந்து ஒரு பந்திக்கு ஆள் வந்திருந்தார்கள். சர்ச் தெரு வாத்தியார்கூடக் குடும்பத்தோடு வந்திருந்தார். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஒரு மணி ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒன்றரைக்கும் இல்லை. முதலில் கேலி பேசினார்கள். "ஏனுங்க அமைப்பாளரே, எடத்தக் கிடத்த மாத்திச் சொல்லிப்போட்டீங்களா?" இரண்டு மணிக்குக் கேலி நின்றுவிட்டது. கேலி நின்ற இடத்தில் ஒரு முணுமுணுப்பு உட்கார்ந்துகொண்டது. யார் ஆரம்பித்தார்கள் என்று தெரியவில்லை.

"ஒருத்தர்கூட வல்லீன்னா என்னங்க அர்த்தம்?"

"அக்கட்ட போகாதீங்கன்னு அவிங்களுக்கு யாரோ சொல்லியிருக்கோணும்."

"எதுக்குச் சொல்லோணும்?"

எல்லோரும் மெதுவாகக் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். என் நாற்காலிக்கு அடியில் ஒரு பை இருந்தது. என் உயிர் தொண்டை வரை வந்து, அது நான் கொண்டுவந்த லட்டுப் பைதான் என்று தெரிந்ததும் அரை மனதோடு கீழே இறங்கியது.

வாத்தியார் திடீரென்று ஞாபகம் வந்தவர்போல மனைவியை எழுப்பினார். ஒருவருக்குத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, இன்னொருவர் வீட்டில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைகளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். அம்புஜமும், "நான் ஊட்டுக் கதவச் சாத்திட்டு இருக்கறேன். நீங்களும் வந்துருங்க" என்று போய்விட்டாள். மிஞ்சியது காய ஆரம்பித்த இலைகளும் திருமூர்த்தியும் சென்னியம்மாளும் நானும்.

"நீங்களாச்சும் ஒரு வாய் சாப்புடுங்க" என்றேன் சென்னியம்மாளிடம். சர்க்கரை நோய்க்காரர் அவர். காலையில் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு அடுப்படியில் நின்றிருக்கிறார்.

"விருந்துக்குக் கூப்புட்டுப்போட்டு, வாரவங்களுக்கு முன்னால ஊட்டுக்காரி திங்கறதுங்களா? நல்லா இருக்குதே!"

திருமூர்த்தி என்னைப் பார்த்தார். "ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க, வெங்கடபதி. என்ன ஏதுன்னு தெரியோணுமில்ல. அவன் கடை விசயம் இன்னைக்கு முடிஞ்சறோணும்."

'யாரை? என்னையா?' என்று கேட்க வாயைத் திறந்தேன். அங்கே வேறு யாருமே இல்லை. அமைப்பாளர் பதவி எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது.

லட்டுப் பையை ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பயம் வந்தால் எனக்குத் தமிழ் மறந்து வீட்டுத் தெலுங்கு வந்துவிடும். உக்கடம் தாண்டி போலீஸ் செக்போஸ்டில், "எங்க போறீங்க?" என்று கேட்டதற்கு, சினேகிதன் வீட்டுக்கு என்பதை "சினேகிதுடி இன்ட்டிகி" என்று சொல்லித் தொலைத்தேன். போலீஸ்காரர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு லத்தியால் பையைத் தொட்டார்.

"உள்ள என்ன உருண்டை உருண்டையா?"

"லட்டுங்க. சாமி சத்தியமா லட்டுங்க. சாப்புட்டுப் பாருங்க."

சாப்பிட்டுப் பார்த்தார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். அன்று என் லட்டை ஏற்றுக்கொண்ட ஒரே ஆள் அரசாங்கம்தான்.

பாரூக்கின் வீதிக்குள் நுழைந்ததும் ஸ்கூட்டர் தானாக மெதுவானது. வீதி அப்படி ஒரு அமைதி. கலவரத்துக்கு முந்தின பகல் இப்படித்தான் இருந்தது. கடைகள் பாதி மூடியிருந்தன. டீக்கடைக்கு வாசலை மறைத்துச் சாக்குத் திரை தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே என்ன நடக்கிறது? எதற்கு மறைக்கிறார்கள்? ஒரே ஒருமுறை வந்த வீடு, வழி கேட்கலாம் என்று முக்கில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் வண்டியை நிறுத்தினேன். வெறுங்கையோடு கேட்பதைவிட இனிப்போடு கேட்போம் என்று ஒரு லட்டை நீட்டினேன். அவர் கையை நெஞ்சில் வைத்து, "வேண்டாமுங்க தம்பி" என்றார். அடுத்தவரிடம் நீட்டினேன். "இப்ப வேண்டாமுங்க" என்றார். அடுத்தவர் லட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒருவரும் கை நனைக்கவில்லை. எனக்கு முதுகு வேர்த்துவிட்டது. முடிவு செய்துவிட்டார்கள். இது பகைதான்.

பள்ளிவாசல் காம்பவுண்டுக்குள் புகை எழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு ஆள், கையில் என்னைவிட உயரமான மரத் துடுப்போடு, நேராக என்னை நோக்கி வந்தார். துடுப்பின் நுனியிலிருந்து ஏதோ சொட்டியது. ஸ்கூட்டரைத் திருப்பி உதைத்தேன். உதைத்தேன். சாய்த்து உதைத்தேன். அந்த வண்டி என்னைக் கைவிடாத நாளே கிடையாது, அன்று மட்டும் திருந்திவிடுமா?

"யாருங்க? யாரப் பாக்கோணும்?"

"பா… பா…" என்றேன்.

"பாரூக்கா? டேய் பாரூக்கு, யாரோ வந்துருக்காங்க பாரு! வேர்த்துக் கொட்டுது மனுசனுக்கு!"

பாரூக் பக்கத்து வீட்டிலிருந்து கைலியை இறுக்கிக்கொண்டு ஓடிவந்தான். "வெங்கடபதியண்ணா! என்னங்ணா இந்த நேரத்துல? நாங்கதான் பொழுதோட அங்க வாரோமே!"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. பயந்தவன் கோபம் பெரிய கோபம்.

"பொழுதோட வாரியா? ஒரு மணியில இருந்து இலை போட்டுட்டுக் காத்துக் கெடக்கறமப்பா! நோம்பியும் அதுவுமா!"

"ஒரு மணிக்கு எப்படிங்ணா வருவோம்? நோம்பாச்சே!"

"நோம்பின்னுதானே சோறாக்கியிருக்குது!"

"நோம்புல எப்படிங்ணா சோறு திங்கறது?"

"நோம்பிக்குத் திங்காம பின்ன என்னைக்குடா திங்கறது?"

துடுப்புக்காரர்தான் முதலில் சிரித்தார். துடுப்பில் சாய்ந்துகொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பாரூக் தலையில் கை வைத்துக்கொண்டான். "அய்யோ, நோம்பு திறக்க வாரோம்னு கவுண்டரூட்டு அம்மாகிட்டச் சொன்னேனுங்ணா. சாயங்காலம் பள்ளிவாசல்ல பாங்கு சொன்ன பொறகுதாங்ணா எங்களுக்குப் பச்சத் தண்ணியே. ஒரு மாசமும் இப்படித்தான்."

பிரியாணிக்கு முன்னால் ஒரு மாதப் பட்டினி இருக்கிறது என்பதை எங்கள் வீதியின் அத்தாரிட்டி அன்றுதான் முழுசாகத் தெரிந்துகொண்டது. முந்தைய வருடங்களில் அந்த மாதம் இவன் டீக்கு வராதபோதெல்லாம் வேலை மும்முரம் என்று நினைத்திருக்கிறேன். காம்பவுண்டுக்குள் கொதித்தது நோன்புக் கஞ்சி. டீக்கடையில் திரை தொங்கியது, நோன்பிருப்பவர் கண்ணில் டீ படாமலிருக்க. பசியோடிருந்த மூன்று பேர் மூக்குக்குக் கீழே நெய் லட்டை நீட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

நானும் சிரித்தேன். அப்பாடா என்றிருந்தது. அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பாரூக்கின் மனைவி மைமூனின் குரல் வந்தது. அந்தக் குரலில் சிரிப்பு இல்லை.

"அண்ணா, அங்க எல்லாரும் உக்காந்துருக்காங்களா?"

"இருக்கறாங்கம்மா… கொஞ்சப் பேரு…"

"எந்திரிச்சுப் போயிட்டாங்கதானுங்களே?"

எனக்குப் பொய் சொல்லத் தெரியும். ஆனால் கால் நடுங்கிக்கொண்டிருக்கும்போது வாயால் சொல்லும் பொய் எடுபடாது.

"நாங்க வல்லீன்னதும் என்னமோ வெச்சுட்டோம்னு நெனச்சுட்டாங்க. அதாங்கண்ணா உங்க மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்குது." மைமூன் வெளியே வந்துவிட்டாள். "உங்களுக்கே எங்களப் பாத்தா இத்தன பயம்னா, அங்க இருக்கறவங்களுக்கு எத்தன பயம் இருக்கும்! பயந்துபோன வீதிக்குள்ள இவரக் கூட்டிட்டுப் போறதா? பயந்த சனந்தாங்கண்ணா கல்லெடுக்கும். வேண்டாமுங்க. கடை போனாப் போகுது."

அதற்குள் அக்கம்பக்கத்தில் செய்தி பரவிவிட்டது. மாலையில் வருவதாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து, "அடுத்த வாரம் பாத்துக்கலாம் பாரூக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அங்கே தண்ணீர் மோட்டாரும் பாலும். இங்கே அடுத்த வாரம். சிரிக்கவைத்த நானே, என் மூஞ்சியைக் காட்டி அத்தனை பேரையும் பயமுறுத்திவிட்டேன்.

பாரூக் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்தவன் கடையில் ஒரு வருடமாகக் கம்பி சுற்றிய கை.

"கவுண்டரு தை பொறந்தா வேற ஆளுக்கு உட்டுருவாரும்மா" என்றேன். "இன்னைக்கு உட்டா…"

"யாருங்கண்ணா மிச்சம் இருக்கறாங்க அங்க?"

"அவரும் சென்னியம்மாளும்."

"சாப்புட்டாங்களா?"

"எங்க சாப்புடறது? நீங்க கை நனைக்காம அந்தம்மா தண்ணிகூடக் குடிக்காது. காத்தால இருந்து அப்படியே இருக்குது. சக்கரை வேற. மாத்திரை மட்டும் போட்டிருக்குது."

மைமூன் ஒரு எட்டு முன்னால் வந்தாள். "மாத்திரையப் போட்டுட்டுச் சாப்புடாம இருக்குதா? எங்கம்மாவுக்கு அப்படித்தான் ஒருக்கா கண்ணு சொருகிருச்சு. இத மொதல்லயே சொல்றதுக்கு என்னங்கண்ணா?" என்றவள் பாரூக் பக்கம் திரும்பினாள். "ஆட்டோ கூப்புடுங்க."

ஆட்டோவில் பாரூக்கும் மைமூனும், அவள் காலுக்கு நடுவில் துணி சுற்றிய கஞ்சித் தூக்கு. முன்னால் என் ஸ்கூட்டர். துடுப்புக்காரர் அதைத் தள்ளிக் கொடுத்துக் கிளப்பிவிட்டார். செக்போஸ்டில் தூக்கைத் திறக்கச் சொல்லி, குனிந்து மோந்து பார்த்து, "போங்க" என்றார்கள்.

எங்கள் வீதிக்குள் நுழைந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டிருந்தது. ஆட்டோச் சத்தம் கேட்டதும் ஒரு கதவு சாத்தியது. அதைக் கேட்டு அடுத்த கதவு. என் சொந்த வீட்டுக் கதவு ஏற்கனவே சாத்தித்தான் இருந்தது. பேக்கரி முக்கில் நின்றிருந்த நாலைந்து இளவட்டங்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தார்கள். அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பப்ஸ். ஆனாலும் கழுத்துக்குப் பின்னால் கல் வரப்போகிறது என்று மண்டபம் வரை தோளைக் குறுக்கிக்கொண்டே ஓட்டினேன்.

சென்னியம்மாள் தூணில் சாய்ந்திருந்தார். முகம் ஈரமாக, நிறமே இல்லாமல் இருந்தது. பக்கத்தில் திருமூர்த்தி விசிறிக்கொண்டிருந்தார். "சோறு வேண்டாங்கறா, தண்ணி வேண்டாங்கறா. டாக்டர் கிளினிக்கும் ஞாயித்துக்கெழம பூட்டிக் கெடக்குது. பாருங்க, பேச்சுக் கொழறுது!"

மைமூன் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் ஓடினாள். முந்தானையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்துக் கொட்டையை நீக்கி நீட்டினாள். "அம்மா, இத வாயில போடுங்க. மொதல்ல போடுங்க."

சென்னியம்மாள் கண்ணைத் திறந்தார். "வந்துட்டீங்களா அம்மணி… நீங்க… கை நனைக்காம… நான் எப்படி…"

"நாங்க பாங்கு நேரம் ஆகாம திங்க முடியாதுங்கம்மா. நீங்க சாப்புடுங்க."

"விருந்தாளிக்கு முன்னால… வேண்டாமுங்க…"

பாரூக் கடிகாரத்தைப் பார்த்தான். நேரம் ஆகவில்லை. திருமூர்த்தி, "அட, வாயத் தொறடீ!" என்று முதல்முறையாக மனைவியை அதட்டினார். சென்னியம்மாள் உதட்டை இறுக்கிக்கொண்டார். கொங்கு நாட்டு மரியாதை ஆளைக் கொல்லும் என்று கேலியாகச் சொல்வோம். என் கண் முன்னால் அது கொன்றுகொண்டிருந்தது.

மைமூன் அந்தப் பழத்தைத் திருப்பினாள். தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

"சரிங்கம்மா. நான் கை நனைச்சர்றேன். நோம்ப இன்னொரு நாளைக்கு வெச்சுக்கறேன். இப்ப நீங்க தின்னுவீங்கல்ல?"

பழம் அவள் உதட்டைத் தொடுவதற்குள், எங்கிருந்துதான் பலம் வந்ததோ, சென்னியம்மாள் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அய்யோ சாமி, வேண்டாங் கண்ணு! ஒருபொழுது இருக்கறத என்னால கெடுத்துக்காத! பாவம் வந்து சேரும்!" என்று சொல்லி, மைமூனின் கையோடு பழத்தை இழுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்ததையும் ஊட்டினாள். அதற்கடுத்ததையும். கொஞ்ச நேரத்தில் சென்னியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்து, "பாயசத்துல பல்லி கில்லி உளுந்துருக்கும், மூடுனீங்களா யாராச்சும்?" என்று கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. திருமூர்த்தி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பாரூக் கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தான். சுருண்டுபோன இலைகளுக்கு முன்னால் ஐந்து பேர் உட்கார்ந்தோம். கஞ்சியும் ஆறிப்போன அரிசிம்பருப்பும். அதுவரை யாருமே சோறு தொட்டிருக்கவில்லை. ஐந்து பேரும் கை நனைத்தோம்.

கை கழுவியபின் திருமூர்த்தி காலி நாற்காலிகளைப் பார்த்தார். "வீதி ஒத்துக்கோணும்னு சொன்னேன். வீதியக் காணோமே, பாரூக்கு."

பாரூக் தலை குனிந்துகொண்டான்.

"வீதி என்னங்க வீதி?" என்றார் சென்னியம்மாள். "கடை யாருதுங்க?"

"எனக்குப் பயமா இருக்குது அம்மணி" என்றார் கவுண்டர். "கண்ணாடிய ஒடச்சாங்கன்னா? இந்தப் பையனை ஏதாச்சும் பண்ணிப்போட்டாங்கன்னா?"

"எனக்குந்தாங்க பயமா இருக்குது" என்றாள் மைமூன், தூக்கைக் கழுவிக்கொண்டே.

திருமூர்த்தி நெடுநேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாளைக்குக் காத்தால வா. நானும் வந்து கடை வாசல்ல உக்காந்துக்கறேன். வெங்கடபதியும் வருவாரு" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை. நான் கொட்டாவிகூட விட்டிருக்கவில்லை.

மறுநாள் ஷட்டர் துருப்பிடித்து நகர மறுத்தது. மூன்று பேரும் சேர்ந்து தூக்கினோம். அசையவில்லை. இன்னொரு முறை மூச்சைப் பிடித்துத் தூக்கியதும் தடாரென்று ஒரு சத்தத்தோடு மேலே போய் அடித்தது. வீதி முழுக்கக் கதவுகள் சாத்திக்கொண்டன. நான் ஸ்கூட்டருக்குப் பின்னால் குந்தியிருந்தேன். திருமூர்த்தி கவுண்டர் எனக்கு முன்னாலேயே அங்கே வந்து குந்தியிருந்தார். பாரூக் மட்டும் ஒட்டடை தொங்கும் கடைக்குள், கையைத் தலைமேல் வைத்தபடி நின்றிருந்தான்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு எதிர்வீட்டு ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது.

"ஏனுங்க… காயில் கட்டற தம்பி வந்துருச்சுங்களா?"

குரல் மாசாணியம்மாளுடையது. முந்தின நாள் பால் பொங்குகிறது என்று எழுந்து போனவர்.

"வந்துட்டேனுங்க" என்றான் பாரூக்.

ஜன்னல் மூடிக்கொண்டது. அப்புறம் கதவு திறந்து, இரண்டு கைகள் மட்டும் வெளியே வந்து, புகைந்துபோன ஒரு தண்ணீர் மோட்டாரை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போயின. தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

பாரூக் எங்களைப் பார்த்தான். நானும் கவுண்டரும் எழுந்து நின்றோம். அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீதியில் இறங்கி, மோட்டாரை எடுக்கப் போனான்.